ஆப்பிள், பட்டை, ஒரு வாசனைப் புகார்

1

இந்த அக்டோபரோடு நாங்கள் கனடாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அந்த நாளை நாங்கள் கொண்டாடுவதில்லை. அன்றைக்குத் தபால் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது, அதன் மேலிருந்த தேதியைப் பார்த்துத்தான் எனக்கே நினைவு வந்தது.

கடிதம் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிர்வாக அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. மூன்றாம் மாடியில் எங்கள் வீட்டிலிருந்து பலமான 'ஓடர்' வருவதாகப் புகார் வந்திருக்கிறது, பதினான்கு நாளில் சரிசெய்யவும், தவறினால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று நாலே வரி.

என் கணவர் அருள் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அவர் திருவொற்றியூர்க்காரர். இங்கே ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. "ஓடர்னா வாசனை தானே? அத்தப்போய் இன்னாத்துக்குப் புகார் பண்றாங்க?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். டொரொண்டோவில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஷெரினுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் உடனே போன் செய்தாள். நல்ல வாசனையாக இருந்தால் 'சென்ட்' என்பார்கள், 'ஓடர்' என்று எழுதியிருந்தால் நாற்றம் என்றுதான் அர்த்தம் என்றாள்.

தமிழில் இதற்கு எத்தனை வார்த்தை இருக்கிறது. மணம், வாசம், நெடி, வீச்சம், கவிச்சி, மக்கல், கமறல். எது என்று சொல்லியிருந்தால் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த ஒற்றை ஆங்கில வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தோம். மீன்.

2

இங்கே ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். மீன் வாசனையை மறைக்கிற வேலையை நான் ஒன்பது வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் கெட்டிக்காரி என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை செய்வது வீட்டு அலங்காரப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில். செப்டம்பர் பிறந்தால் முன்வாசல் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பூக்களையெல்லாம் எடுத்துவிட்டு வாசனை மெழுகுவத்திகளை அடுக்குவோம். வெளியே மரங்கள் சிவப்பாகி இலை கொட்டும். நாலு மணிக்கு மேல் வெளிச்சம் சோம்பிப்போகும். அப்போது இங்குள்ளவர்கள் ஜன்னலைச் சாத்தி, சோபாவில் ஒரு கம்பளியைப் போட்டு, கண்ணாடிக் குப்பியில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்தச் சுகத்துக்கு ஒரு பெயர் வைத்து, அதை நாங்கள் அட்டையில் எழுதி விற்கிறோம்.

முதல் வருஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூடியைத் திறந்து வாடிக்கையாளரிடம் நீட்டி, 'முகர்ந்து பாருங்கள்' என்று சொல்வதாக நினைத்து, "யூ ஸ்மெல், மேடம்" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்வதற்கு 'உங்கள்மேல் நாற்றம் வருகிறது' என்று பொருள் என்பதைச் சொல்லித் தர யாருக்கும் மனம் வரவில்லை. மூன்று வாரம் கழித்து நானே தெரிந்துகொண்டேன்.

மெழுகுவத்திகளைச் சேர்ப்பதையும் நானாகத்தான் பழகினேன். அதற்கு ஒரு கணக்கு உண்டு. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் கலந்தவை கனமானவை. இரண்டு கனத்தை ஒரே அறையில் வைத்தால் தலை வலிக்கும். கனமான ஒன்றோடு இலேசான ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆப்பிளோடு பட்டை ஒத்துப்போகும். விறகுப் புகை வாசனையைத் தனியாக ஏற்றினால் தீப்பிடித்த மாதிரி இருக்கும், கொஞ்சம் வனிலா சேர்த்தால் அடங்கும். பைன் மர வாசனையோடு ஆரஞ்சு சேரும். லாவண்டரைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, சோறு சோப்பு மாதிரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், ஒன்றைக் கூடத்திலும் இன்னொன்றை நடையிலும் வைத்து, நடுவில் சந்திக்க விட வேண்டும். முதல் தடவை ஏற்றும்போது மெழுகு ஓரம்வரை உருகுகிறவரைக்கும் அணைக்கக் கூடாது. பூசணி மசாலா என்று ஒன்று உண்டு, அதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் விற்கும். அதில் பூசணியே கிடையாது. சுக்கும் பட்டையும் கிராம்பும்தான். முதல் தடவை முகர்ந்தபோது யாரோ பிரியாணிக்குத் தாளித்துவிட்டு அரிசி போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு முதல் மெழுகுவத்தியை நான் வாங்கவில்லை. ஷெரின் பதிமூன்று வயதில் அன்னையர் தினத்துக்குக் கொண்டுவந்தாள். ஆப்பிளும் பட்டையும். அந்த வாரம் அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி முதன்முறையாக வீட்டுக்கு வருவதாக இருந்தது. பரிசைப் பிரித்துப் பார்த்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மீன் குழம்பு கொதித்தால் வாசல் கதவுக்கு உள்பக்கம், கதவின் அடி இடுக்குக்கு நேராக, ஒரு ஆப்பிள் எரியும். தாழ்வாரத்தில் நடந்து போகிறவர்களுக்கு எங்கள் குழம்பு தெரியக் கூடாது. இலையுதிர்காலத்தில் ஜன்னல் மூடிவிடுவதால் தினமும் ஏற்றுவேன்.

3

நான் பிறந்து வளர்ந்த ராயபுரத்தில் நாங்கள் யாரும் வாசனையைத் தேர்ந்தெடுத்ததில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதுதான் அன்றைய வாசனை. கிழக்கே இருந்து வந்தால் காசிமேடு, மீனும் டீசலும் ஐஸ் பெட்டியின் தெர்மோகோலும். தெற்கே இருந்து வந்தால் துறைமுகம். மேற்கே திரும்பிக் கொடுங்கையூரில் குப்பை எரிந்தால் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். விருந்தாளி வருகிறார்கள் என்று அதை யாரும் மறைத்ததில்லை. விருந்தாளியும் அதே காற்றில்தானே வருகிறார்.

மெழுகுவத்தி எங்களுக்குக் கோவிலுக்கும் கல்லறைக்கும் உரியது. நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாளன்று காசிமேட்டுக் கல்லறையில் சாயங்காலம் நின்று பார்த்தால் ஒரே வெளிச்சமாக இருக்கும். பூ, ஊதுபத்தி, மெழுகு, நூற்றுக்கணக்கான குடும்பங்கள். சுத்தம் செய்து, வெள்ளையடித்து, ஏற்றிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து சுண்டல் தின்போம்.

இங்கே வந்த முதல் இலையுதிர்காலத்தில் கடையில் கூட வேலை செய்த ஒரு பெண் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தாள். உள்ளே நுழைந்தால் ஜன்னல் மேடை, மேசை, கணப்பு அடுப்பின் மேல்தட்டு எங்கும் மெழுகுவத்தி. விளக்கை அணைத்து வைத்திருந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யார் இறந்துவிட்டார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அவள் பயந்துபோய்த் தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அருள் மட்டும் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

4

கடிதத்துக்குப் பதிலை ஷெரின் எழுதினாள். எங்கள் ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் சிக்கலாகும் என்று சொன்னாள், அது உண்மைதான். அவள் அனுப்பிய பிறகுதான் எனக்குப் படிக்கக் கிடைத்தது. எங்கள் பாரம்பரியச் சமையலால் அண்டை வீட்டாருக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு ஆழ்ந்த வருத்தம், இனி நிகழாது என்று உறுதியளிக்கிறோம். ஒரு பிழை கிடையாது. எங்களைப் பற்றி வேறு யாரோ எழுதியது போலவும் இருந்தது.

சொன்னபடியே செய்தோம். கருவாட்டு டப்பாவைக் கட்டிக் காரின் பின்பெட்டிக்குக் கொண்டுபோனார் அருள். வெள்ளிக்கிழமை முட்டைப் பொரியல், உருளைக்கிழங்கு. நான் மெழுகுவத்திகளை இரண்டு மடங்காக்கினேன். கதவருகே இரண்டு ஆப்பிள், சமையலறையில் பட்டை, கூடத்தில் புகையும் வனிலாவும். இத்தனை கவனமாக நான் எந்த வீட்டையும் வைத்ததில்லை.

பதினைந்தாம் நாள் இரண்டாவது கடிதம் வந்தது. 'சமையல் ஓடர்' தொடர்கிறது, இது இரண்டாவது எச்சரிக்கை, மூன்றாவது முறை விஷயம் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகும் என்று.

அருள் சமையலறை வாசலில் நின்று வாணலியை வெறுமனே பார்த்தார். இரண்டு வாரமாக அதில் முட்டையைத் தவிர ஒன்றும் வேகவில்லை. வேறு வீடு பார்க்கலாமா என்று கேட்டார். இரண்டு எச்சரிக்கை வாங்கியவர்களுக்கு யார் வீடு தருவார்கள் என்றேன்.

5

பக்கத்து வீட்டில் வால்டர் என்று ஒருவர் இருந்தார். போன குளிர்காலம் முடிகிற சமயத்தில் குடிவந்தவர், எழுபதைத் தாண்டியவர், தனியாள். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பார். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்கும். ஒரே மூச்சில் தொடங்கி, நடுவில் நின்று, மறுபடி அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வரும் இருமல். அந்த இருமலை எனக்குத் தெரியும் என்று தோன்றும். கடைக்கு நேரமாகிவிடும், கிளம்பிவிடுவேன்.

இரண்டாவது கடிதம் வந்த மூன்றாம் நாள், நான் வேலை முடிந்து வரும்போது அவர் எங்கள் கதவுக்கு நாலடி தள்ளிச் சுவரில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். மறு கையில் மூச்சுக்கு உறிஞ்சுகிற மருந்துக் குப்பி. முகம் சிவந்திருந்தது. கொஞ்சம் அடங்கியதும் நிமிர்ந்து பார்த்தார். புகார் கொடுத்தது யார் என்று கேட்கக் கூடாது என்று அருள் சொல்லியிருந்தார். நான் கேட்டுவிட்டேன். எங்கள் மீனால் உங்களுக்குத் தொந்தரவா என்று.

"எந்த மீன்?" என்றார் அவர்.

பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். புகார் அவர் கொடுத்ததுதான். செப்டம்பரிலிருந்து தினமும் இந்தக் கதவின் அடியிலிருந்து ஆப்பிள் பலகாரம் மாதிரி ஒரு வாசனை வருகிறது, மெழுகுவத்தியோ தெளிப்பானோ தெரியவில்லை, அது பட்டால் நெஞ்சு பூட்டிக்கொள்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் ஒருமுறை ஆம்புலன்ஸ் வரவழைக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார், அவர்கள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்று தெரியாது. நேராகக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம்தான் என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் குறை சொல்லும் கிழவன் என்று பெயர் வாங்க விருப்பமில்லை. இந்த ஊர் எஃகு ஆலையில் கரி சுடும் அடுப்புப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறார். நெஞ்சு அங்கேயே போய்விட்டதாம்.

அப்படியென்றால் மீன் என்று மறுபடி கேட்டேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை வரும். அது என்னை ஒன்றும் செய்ததில்லை," என்றார். இரண்டு வாரமாகக் காணோமே, ஊரில் இல்லையோ என்று நினைத்தாராம்.

நான் உள்ளே போய், அருள் ஏற்றி வைத்திருந்த ஐந்தையும் அணைத்தேன். அணைத்தவுடன் வருகிற திரிப் புகையும் அவருக்கு ஆகாது என்று நினைவு வந்து, பால்கனிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குளிரில் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

6

அன்று இரவு இங்கே சாப்பாட்டு நேரம், ராயபுரத்தில் விடிகாலை. என் அக்கா ஸ்டெல்லா தண்ணீர் பிடிக்க எழுந்திருப்பாள் என்று தெரியும். நாங்கள் பிறந்த அதே தெருவில்தான் இருக்கிறாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். ஆம்புலன்ஸ் வந்ததை மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் குழாயை மூடிவிட்டுப் பேசினாள்.

"இன்னா ரோஸி இது? நைனா இருந்தப்ப நம்ம வூட்டுல ஊதுபத்தி ஏத்துனமா? கொசுவத்தி ஏத்துனமா? சாம்பிராணி போட வர்றவர அம்மா தெருமுனையிலயே நிக்க வெச்சுத் திருப்பி அனுப்பிடும். அத்தப்போய் எப்டிடி மறந்த?"

எங்கள் நைனா துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற பக்கம் வேலை செய்தவர். மாலையில் வந்து பல் விளக்கித் துப்பினால் கறுப்பாக வரும். ஐம்பது வயதுக்குப் பிறகு அவர் படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை, சுவரில் தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவார். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட இருமலை எனக்கு ஏன் தெரிந்திருந்தது என்று அப்போது புரிந்தது. மாதக்கணக்காகக் கேட்டும் எனக்கு அந்த எண்ணம் வரவில்லை. இருமலைக் கேட்டபோதெல்லாம் நம்முடைய வாசனை அந்தப் பக்கம் போகிறதோ என்று மட்டும்தான் கவலைப்பட்டு, இன்னும் ஒன்றை ஏற்றியிருக்கிறேன்.

அக்கா அதற்கு மேல் திட்டவில்லை. "மன்னிப்பு கேட்டியா? கேட்டியா இல்லியா? போய்க் கேளு," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கேட்டேன். வால்டர் கதவைத் திறந்து, தெரியாமல் செய்ததற்கு எதற்கு மன்னிப்பு என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுபோனேன். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாராம், அதோடு அவருக்குச் சிறுவயதிலிருந்தே மீன் பிடிக்காதாம். எனக்கு ஏனோ அது நிம்மதியாக இருந்தது.

வீட்டில் இருந்த மெழுகுவத்திகளை எண்ணிப் பார்த்தேன், ஏற்றியதும் ஏற்றாததுமாக முப்பத்தொன்று. அட்டைப் பெட்டியில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஓய்வறையில் வைத்தேன். அன்றே தீர்ந்துவிட்டது. கடையில் இன்னும் அதே வேலைதான் செய்கிறேன். ஆப்பிளோடு பட்டை சேரும் என்றுதான் சொல்கிறேன், அது பொய்யில்லை. ஆனால் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இளைப்பு உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று முதலில் கேட்கிறேன். இருக்கிறார்கள் என்றால் பருத்தித் துணியால் செய்த பூசணிக்காய்களைக் காட்டுகிறேன். விற்பனை கொஞ்சம் குறைந்திருப்பதாக மேலாளர் சொன்னார்.

7

நவம்பரில் ஷெரின் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்ததும் ஒரு நொடி நின்றாள். அடுப்பில் சங்கரா மீன் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷத்தில் அவள் இந்த வீட்டுக்குள் குழம்பு வாசனைக்கு மட்டுமாக நுழைந்தது அன்றுதான்.

சாப்பிடும்போது நான் கேட்டேன். அன்னையர் தினத்துக்கு வாங்கி வந்தாயே அந்த மெழுகுவத்தி, அது உன் தோழி வருவதற்காகத்தானே என்று. அவள் சமாளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஆமாம்மா. எனக்கு அப்போ பதிமூணு வயசு. ஒரு நாளைக்குத்தான் வாங்கினேன். நீ நிறுத்தவே இல்ல. உனக்குப் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

அருள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மீன் தலையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். ஒன்பது வருஷம் கேட்காமல் இருந்ததற்கு இரண்டு நிமிடத்தில் பதில் கிடைத்துவிட்டது. அழ வேண்டும்போல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பசிதான் இருந்தது.

8

சாப்பிட்டு முடித்ததும் நிர்வாக அலுவலகத்துக்குக் கிளம்பினேன். வாசனை நின்றுவிட்டதாக வால்டர் சொல்லிவிட்டார், வழக்கை முடித்துவிட்டோம் என்று அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. அதில் காரணம் 'சமையல்' என்றே இருந்தது. முதல் கடிதத்தில் அப்படி யாரும் எழுதவில்லை. எங்கள் பதிலில் நாங்களேதான் எழுதிக்கொடுத்திருந்தோம். முடிந்ததை எதற்குக் கிளறுகிறாய் என்றார் அருள். நாளைக்கு நம்மைப் போல ஒரு குடும்பம் இங்கே வீடு கேட்டு வந்தால், இவர்கள் புரட்டிப் பார்க்கப்போவது அந்தத் தாளைத்தான் என்றேன். ஷெரின் கோட்டை மாட்டிக்கொண்டு கூட வந்தாள்.

அலுவலகத்தில் ஓர் இளைஞர் இருந்தார். ஷெரின் பேசத் தொடங்கினாள். நான் அவள் முழங்கையைத் தொட்டு, "நான் சொல்றேன்" என்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

என்னுடைய ஆங்கிலத்தில் சொன்னேன். அது மீன் இல்லை, மெழுகுவத்தி, மாற்றி எழுதுங்கள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். முடிந்துவிட்ட கோப்பு, எதுவாக இருந்தாலும் இனி உங்களுக்குப் பாதிப்பில்லை என்றார். மாற்றி எழுதுங்கள் என்றேன். கணினியில் காரணங்களுக்கு ஒரு பட்டியல்தான் இருக்கிறது என்று திரையை என் பக்கம் திருப்பினார். சமையல், செல்லப்பிராணி, சிகரெட், குப்பை. மெழுகுவத்தி இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டினேன். அதை அழுத்தியதும் ஒரு காலிக் கட்டம் திறந்தது. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். எந்த வாசனை என்று கேட்டார். ஆப்பிளும் பட்டையும் என்றேன். அதையும் சேர்த்தார்.

சேமிப்பதற்கு முன் ஒரு சந்தேகம் வந்தது அவருக்கு. "அப்படியானால் உங்கள் வீட்டிலிருந்து சமையல் வாசனையே வரவில்லையா?" என்று கேட்டார்.

"வந்தது," என்றேன். "வெள்ளிக்கிழமைதோறும் வரும். இன்றைக்கும் வருகிறது. யாரும் புகார் சொல்லவில்லை."

அவர் விரலை விசைகளின் மேல் வைத்தபடி, அதையும் எழுத வேண்டுமா என்று கேட்டார்.

எழுதுங்கள் என்றேன்.